வடக்குக் கம்பம்

“அளக்கணும் சார்.”

சொல்லிவிட்டேன். இதை மட்டும் கேட்கவே கூடாது என்று முந்தின நாள்தான் எனக்குச் சொல்லியிருந்தார்கள். ஷூ கேள், லீவு கேள், சம்பளத்தைக் கூட்டிக்கூடக் கேள். அளக்கணும் என்று மட்டும் வாயைத் திறக்காதே என்று.

காலை வெயில் அப்போதே சுட்டது. கம்பெனியின் கூடைப்பந்து கோர்ட் ஓரத்தில் பிளாஸ்டிக் நாற்காலி போட்டு முதலாளி கேசவன் உட்கார்ந்திருந்தார். பக்கத்தில், கழுத்தில் விசிலோடு கோச் அப்பாசாமி. எதிரே டீம் முழுக்க வரிசையாக நின்றது. செங்கல்பட்டில் அரையிறுதியை ஒரு பாயின்ட்டில் விட்டுவிட்டு வந்திருந்தோம். ஆட்டம் முடிகிற நேரத்தில் எனக்குக் கிடைத்த இரண்டு ஃப்ரீ த்ரோவும் உள்ளே போகவில்லை. ஆகவே இதற்கு டீம் மீட்டிங் என்று பெயர் வைத்திருந்தாலும், நடந்தது எனக்கான பஞ்சாயத்து.

“இன்னா அளக்கணும்?” என்றார் முதலாளி.

“இந்த ஃப்ரீ த்ரோ கோடு, வடக்குக் கம்பத்து போர்டுல இருந்து எவ்ளோ தூரத்துல இருக்குன்னு அளக்கணும்.”

கேப்டன் சங்கரி குனிந்து தன் ஷூ லேஸைப் பார்த்தாள். லேஸ் ஒழுங்காகத்தான் கட்டியிருந்தது.

“ஏம்மா ஜஹனாரா,” என்றார் கோச். “நேத்து போட வேண்டிய எடத்துல போடல. இப்ப இங்க வந்து இன்ஜினீயர் வேலை காட்றியா?”

நான் இன்ஜினீயர் இல்லை. செங்கல்பட்டில் பி.எஸ்சி. இயற்பியல் படித்தேன். எங்கள் வீட்டில் முதல் டிகிரி என்னுடையது. அத்தா நூர்முகமது செங்கல்பட்டுக்கும் திருக்கழுக்குன்றத்துக்கும் நடுவே ஷேர் ஆட்டோ ஓட்டுகிறார். நான் ஆறடிக்குக் கொஞ்சம் குறைவு. தெருவில் என்னைக் கொக்கு என்று கூப்பிட்ட காலம் உண்டு. கல்லூரியில் ஹேண்ட்பால் ஆடினேன். அங்கே என் உயரத்தைப் பார்த்துத்தான் அப்பாசாமி என்னை இந்த டீமுக்கு எடுத்தார். மற்றவர்கள் பள்ளிக்கூடத்திலிருந்தே கூடைப்பந்து ஆடியவர்கள். நான் அந்தப் பந்தை ஒழுங்காகக் கையில் பிடித்ததே இந்தக் கோர்ட்டில்தான்.

சதுரங்கப்பட்டினத்துக்கு வடக்கே, கடற்கரைச் சாலையை ஒட்டி இருக்கிறது கம்பெனி. அலைமகள் ஃபீட்ஸ். இறால் பண்ணைகளுக்குத் தீவனம் செய்கிறார்கள். காற்று எந்தப் பக்கம் அடித்தாலும் கருவாட்டுத் தூள் வாசனைதான். முதலாளிக்குச் சின்ன வயதில் கூடைப்பந்து ஆடுகிற ஆசை இருந்ததாம், ஆட முடியவில்லையாம். அதனால் பெண்களுக்கு ஒரு டீம் வைத்தார். இருக்கிற உண்மையைச் சொல்லிவிடுகிறேன். மாதச் சம்பளம், ஹாஸ்டல், காலையில் முட்டை, பால், ஆட்டத்துக்குப் போக வேன். இந்த ஜில்லாவில் பெண்கள் பந்து போடுவதற்கு இவ்வளவு செய்கிற இன்னோர் ஆள் எனக்குத் தெரியாது. அதற்காக அவர் செய்கிற எல்லாவற்றுக்கும் நான் கைகட்டி நிற்கவேண்டுமா என்ன?

எங்களுடையது வருஷ கான்ட்ராக்ட். இந்த சீசன் முடிந்ததும் இரண்டு பேரை நிரந்தரமாக எடுப்பதாகச் சொல்லியிருந்தார்கள். ஒன்று சங்கரிக்கு, இன்னொன்று எனக்கு. அத்தா அதை ஆட்டோ ஸ்டாண்டில் எல்லோரிடமும் சொல்லி டீ வாங்கிக் கொடுத்துவிட்டார்.

அந்த வேலைக்கு நடுவே நின்றது இந்தப் பாழாய்ப்போன ஃப்ரீ த்ரோ.

பார்த்திராதவர்களுக்குச் சொல்கிறேன். ஆடும்போது எதிராளி உங்களை அடித்தால் நடுவர் உங்களைக் கோட்டில் நிறுத்துவார். யாரும் மறிக்கமாட்டார்கள். கோட்டுக்குப் பின்னால் நின்று, நிதானமாக, வளையத்தைப் பார்த்துப் போட வேண்டும். கூடைப்பந்தில் இதைவிடச் சுலபமான பந்து கிடையாது. விட்டால் இதைவிட அசிங்கமான பந்தும் கிடையாது. ஏனென்றால் உங்களைத் தவிர யாரையும் குற்றம் சொல்ல முடியாது.

பயிற்சியில் எனக்குப் பத்தில் எட்டு விழும். ஆட்டத்தில் பத்தில் மூன்று விழுந்தால் அதிசயம். அது எதிர் டீம்களுக்குத் தெரிந்துபோயிற்று. பந்து என் கைக்கு வந்தாலே இரண்டு பேர் மேலே விழுந்து அடிப்பார்கள். “அடி மச்சி, லைனுக்குத்தானே போவா, போட்டுக் கிழிக்கட்டும்” என்று என் காதுபடவே சொல்வார்கள்.

“பயம்,” என்று ஆரம்பத்திலேயே சொல்லிவிட்டார் கோச். “உனக்குக் கூட்டத்தைப் பாத்தா பயம். மனசு நடுங்குது. கை பின்னாடியே நடுங்குது.”

எனக்கு நடுங்கவில்லை என்றேன். நடுங்குகிறவளுக்கு நடுங்குவது தெரியாது என்றார்.

சென்னையிலிருந்து ஒரு மைண்ட் கோச்சை வரவழைத்தார்கள். அவர் என்னைப் பாயில் படுக்கவைத்து, கண்ணை மூடச் சொல்லி, கடல் அலை வருவதாக நினை என்றார். நூறு அடி தள்ளி நிஜக் கடலே கத்திக்கொண்டிருந்தது. சங்கரி எனக்கு எலுமிச்சம்பழம் சுற்றிப்போட்டாள். “உங்க ஆளுங்க தர்காவுல ஓதிக் கயிறு கட்டுவாங்களே, ஒண்ணு கட்டிக்கினு வாயேன்” என்றார் கோச். கட்டிக்கொண்டும் வந்தேன். ஆட்டத்தில் நடுவர் கயிற்றைக் கழற்றச் சொன்னார். கழற்றிவிட்டுப் போட்டேன். விழவில்லை.

“மொதல் தலைமுறை பாரு,” என்று ஒருநாள் கோச் முதலாளியிடம் சொன்னது என் காதில் விழுந்தது. “பெரிய எடம் பாத்துப் பழக்கமில்ல. அதான் ஒதறுது.” நான் டிகிரி வாங்க மேடையேறியபோது உதறவில்லை. வைவா பரீட்சையில் உதறவில்லை. இந்தக் கோட்டில் மட்டும் உதறுகிறதாம். ஒரு கட்டத்தில் நானே அதை நம்ப ஆரம்பித்துவிட்டேன். அதை நினைத்தால்தான் இன்றைக்கும் எனக்கு ஆத்திரமாக வருகிறது.

நேற்று ஊரப்பாக்கம் கிளப்போடு ஆட்டம். அவர்கள் டீமில் என்னை மறிப்பவள் தமிழ்ச்செல்வி. தோள் இரண்டும் மதில்சுவர் மாதிரி. ஆட்டம் முழுக்க என்னை இடித்தாள், கிள்ளினாள், வாயாலும் இடித்தாள். முதல் பாதியில் நான் லைனில் நின்று போட்ட நாலும் வளையத்தின் பின்பக்க இரும்பில் பட்டு டங்கென்று திரும்பி வந்தன. நாலாவது பந்து எகிறி வந்தபோது அவள் சிரித்தாள்.

“இன்னாடி, உங்க ஊட்டு ரிங்கு கடலுக்குள்ளயா கீது? அம்மாந்தூரம் போடற?”

அவர்கள் டீம் மொத்தமும் சிரித்தது. நான் கெட்ட வார்த்தையில் ஒன்று சொன்னேன். நடுவர் முறைத்தார். ஆனால் அவள் சொன்னது உள்ளே போய் உட்கார்ந்துகொண்டது. நடுங்குகிற கை பந்தை இடதுபக்கம் போடும், வலதுபக்கம் போடும், பாதியில் விழவைக்கும். ஒரே இரும்பில், ஒரே இடத்தில், ஒவ்வொரு முறையும் கொண்டுபோய் அடிக்காது. லேபில் ஸ்டாப்வாட்ச்சைப் பிடித்து பெண்டுலம் ஆட்டியபோது சொல்லிக்கொடுத்தார்களே. விடை கன்னாபின்னாவென்று மாறினால் கை சரியில்லை. எப்போதும் ஒரே அளவு தப்பாக வந்தால் கருவி சரியில்லை.

இரண்டாம் பாதியிலும் பின் இரும்புதான். கடைசி இரண்டும் பின் இரும்புதான். கோர்ட்டை விட்டு வெளியே வரும்போது தோல்வியைவிட வேறொன்று என் தலைக்குள் ஓடிக்கொண்டிருந்தது. எங்கள் கோர்ட்டில் பயிற்சி முடிவில் எல்லோரும் வடக்குக் கம்பத்தில்தான் ஃப்ரீ த்ரோ போட வேண்டும். அது ராசியான கம்பம். அங்கே சீனியர்கள் யாரும் கோட்டுக்குப் பின்னால் நிற்பதே இல்லை. தாராளமாக ஓர் அடி முன்னால் போய் நின்றுதான் போடுவார்கள். கோச்சும் விசில் ஊதமாட்டார். சோம்பேறித்தனம், ஏமாற்று வேலை என்று நான் நினைத்திருந்தேன். நான் மட்டும் ரூல் புக்கை வரிக்கு வரி படித்தவள். கோட்டை மிதிக்கவே மாட்டேன். அதில் எனக்கு ஒரு கர்வம்கூட.

மைதானத்துக்கு எதிரே ஒரு ஹார்டுவேர் கடை. ஓடிப்போய் ஒரு இரும்பு டேப் வாங்கிக்கொண்டு வேனில் ஏறினேன். தோற்ற டீமின் வேன் எப்படி இருக்கும்? யாரும் என்னைப் பார்க்கவில்லை. சங்கரி மட்டும் பையைப் பார்த்தாள்.

“இன்னாடி வாங்கின?”

“டேப்.”

“எதுக்கு?”

“வடக்குக் கம்பத்துக்கும் கோட்டுக்கும் எவ்ளோ தூரம்னு அளக்க.”

பின்சீட்டில் யாரோ ‘போச்சுடா’ என்றார்கள். சங்கரி எழுந்து என் பக்கத்து சீட்டுக்கு வந்தாள். திருக்கழுக்குன்றம் தாண்டும்வரை குரலைத் தாழ்த்தியே பேசினாள்.

கோர்ட் போடும்போது கோடெல்லாம் பெயின்ட் அடித்து ஆள்கள் போன பிறகு முதலாளியின் வாஸ்துக்காரர் சின்னையன் வந்தாராம். வடக்குக் கம்பம் ஈசானிய மூலையில் மிதிக்கிறது, வாரிசுக்கு ஆகாது, ஓர் அடி பின்னால் தள்ளி நடு என்றாராம். இரவோடு இரவாகக் கம்பத்தைப் பிடுங்கித் தள்ளி நட்டார்கள். கோடு அங்கேயே நின்றுவிட்டது. அடுத்த மாதமே கம்பெனிக்குப் பெரிய ஏற்றுமதி ஆர்டர் வந்தது. அன்றிலிருந்து வெள்ளிக்கிழமை தோறும் அந்தக் கம்பத்துக்குச் சூடம் காட்டுகிறார்கள்.

“அப்ப உங்க எல்லாருக்கும் தெரியும்,” என்றேன்.

“போட்ட மொத நாளே கைக்குத் தெரிஞ்சிரும்டி. ஸ்கூல்ல இருந்து போட்ட கை. தள்ளி இருக்குன்னு ஒரு அடி முன்னாடி போய் நின்னுக்கினோம். உனக்குத் தெரியலன்னா நாங்க இன்னா பண்றது?”

“சொல்லியிருக்கலாம்.”

“சொன்னா நீ சும்மா இருப்பியா? நேரா போய்க் கேப்ப. எது வேணா கேளு ஜஹனாரா, அளக்கணும்னு மட்டும் கேக்காத. அதுலயும் நீ கேக்கவே கூடாது.”

“நான்னா இன்னா?”

“தெரியாத மாதிரி கேக்காத. சாமி கும்புடற கம்பம். நீ போய் அது தப்புன்னு சொன்னா, நாளைக்குப் பேச்சு கம்பத்தப் பத்தி இருக்காது, உன்னப் பத்தித்தான் இருக்கும். ஒரு மாசம் பல்லக் கடிச்சிக்கினு இரு. வேலை ஆர்டர் கைக்கு வரட்டும்.”

“ஒரு வருஷமா என்னப் பயந்தாங்கொள்ளின்னு சொன்னாங்க. நீயும் கேட்டுக்கினுதானே இருந்த? எலுமிச்சம்பழம் சுத்தின, சங்கரி!”

அவள் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். அவளுக்கும் அதே ஆர்டர் வரவேண்டியிருந்தது.

தனியாகப் போய் அளந்து பார்த்திருக்கலாம். ஹாஸ்டலிலிருந்து கோர்ட் கூப்பிடு தூரம். வேண்டாம் என்று விட்டேன். என்னைப் பயந்தவள் என்று எல்லோர் முன்னாலும் சொன்னார்கள். அளப்பதும் எல்லோர் முன்னாலும்தான் நடக்கவேண்டும்.

அதனால்தான் இப்போது டேப்பைக் கையில் வைத்துக்கொண்டு நின்றேன்.

“கம்பத்தை நட்டது யாரு தெரியுமில்ல?” என்றார் கோச். குரலில் இனிப்பைத் தடவிக்கொண்டார். “உங்களுக்கு இதுல எல்லாம் நம்பிக்கை கெடையாது, சரி. அதுக்காக அடுத்தவங்க நம்பிக்கையில கை வைக்கக்கூடாது பாரு.”

சங்கரி சொன்னது ஒரே ராத்திரியில் பலித்துவிட்டது.

“சார், நான் சாமியப் பத்திப் பேசல. மீட்டரப் பத்திப் பேசறேன்.”

“வாய் பாருங்க சார்.”

வேண்டாம் என்று முதலாளி சொல்வதற்குள் செய்துவிடவேண்டும் என்று எனக்குத் தோன்றியது.

“சார், கொஞ்சம் எழுந்திரிங்க. நாற்காலி வேணும்.”

வரிசையில் யாரோ சிரிப்பை அடக்கி இருமினார்கள். முதலாளி நம்ப முடியாமல் எழுந்தார். நாற்காலியை இழுத்துக்கொண்டுபோய் போர்டுக்குக் கீழே போட்டு ஏறினேன். எக்கி நின்று டேப்பின் கொக்கியை போர்டின் அடி விளிம்பில் மாட்டி, டப்பாவைக் கீழே விட்டேன். அது ஆடி ஆடி நின்றது. இறங்கி, அது தரையைத் தொட்ட இடத்தில் சாக்பீஸால் ஒரு புள்ளி வைத்தேன். டேப்பைக் கழற்றியதும், அதன் முனையைப் புள்ளியில் பிடித்துக்கொள்ள ஓர் ஆள் தேவைப்பட்டது. நிமிர்ந்து பார்த்தேன். எல்லோரும் கடலைப் பார்த்தார்கள். என் தண்ணீர் பாட்டிலை முனைமேல் வைத்துவிட்டுக் கோடுவரை இழுத்துப் போனேன்.

“ரூல் புக்குல நாலு மீட்டர் அறுபது. இங்க நாலு மீட்டர் தொண்ணூறு. இந்தத் தூரத்துக்குப் பழகின கை வெளியில ஒரு அடி தள்ளித்தான் போடும். வந்து பாருங்க.”

யாரும் வரவில்லை. நான் ஒரு பந்தை எடுத்தேன். பெயின்ட் கோட்டில், அதன் பின்னால், மிதிக்காமல் நின்று போட்டேன். சுத்தமாக உள்ளே. இன்னொன்று. உள்ளே. பிறகு நாலு மீட்டர் அறுபதில் சாக்பீஸால் குறுக்கே ஒரு கோடு கிழித்து, அதன் பின்னால் போய் நின்றேன். அதே கை, அதே மூச்சு. பந்து பின் இரும்பில் பட்டு டங்கென்று என் தலைக்கு மேலே பறந்தது. மறுபடி போட்டேன். டங். மறுபடி. டங்.

ஒரு வருஷத்தில் முதல்முறையாக, விட்டதற்காகச் சந்தோஷப்பட்டேன். சிரிப்பே வந்துவிட்டது.

“பாத்தீங்களா சார்?” என்றார் கோச் வெற்றியோடு. “சும்மா நிக்கும்போதே விடறா. யாரு இங்க கூட்டம்? நம்மள பாத்தே பயப்படறா!”

எனக்குச் சிரிப்பு நின்றுபோனது. இந்த ஆளுக்குப் புரியாமல் இல்லை. புரிந்துகொண்டுதான் சொல்கிறார்.

“அப்ப சீனியருங்க எல்லாம் ஏன் சார் இந்தச் சாக்பீஸ் கோட்டுலயே நின்னு போடறாங்க? நீங்க ஏன் விசில் ஊதல? அவங்களுக்கெல்லாம் தெரியும். உங்களுக்கும் தெரியும். எனக்கு மட்டும் மைண்ட் கோச்சு!”

“ஏய், யாருகிட்ட குரல் ஒசத்தற? தெருவுல ஆட்டோ ஓட்றவன் பொண்ணுன்னு காட்றியா?”

“ஆமா, ஆட்டோ ஓட்றவரு பொண்ணுதான். எங்க அத்தா மீட்டர் வண்டி ஓட்டினப்பகூட சூடு வச்சு யாரையும் ஏமாத்தினதில்ல.”

கோச் ஓர் அடி முன்னால் வந்தார். “போதும்,” என்றார் முதலாளி. தரையிலிருந்த சாக்பீஸ் கோட்டையும் பெயின்ட் கோட்டையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். “நாஸ்தா துன்னுட்டு ஆபீசுக்கு வா.”

நான் நாஸ்தா சாப்பிடப் போகவில்லை. ஹாஸ்டல் மாடியில் நின்று இரண்டு போன் பேசினேன். ஒன்று ஊரப்பாக்கம் கிளப்புக்கு. இன்னொன்று அத்தாவுக்கு. பிறகு ஆபீசுக்குப் போனேன்.

ஏ.சி. அறை. கண்ணாடித் தொட்டியில் இரண்டு இறால்கள் கால்களை ஆட்டிக்கொண்டிருந்தன. முதலாளி தனியாக இருந்தார். உட்காரச் சொன்னார். உட்கார்ந்தேன். கோர்ட்டில் இருந்த முகம் இப்போது இல்லை, களைத்திருந்தார்.

“நான் வேணும்னு செய்யலம்மா. ஒரு அடியில இன்னா பெருசா மாறப்போவுதுன்னு நெனச்சிட்டேன். அப்பாசாமியும் எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லல. உன்ன பேஜாரு பண்ணிட்டோம்.”

இதை எதிர்பார்க்கவில்லை. ஒரு நிமிஷம் மனம் இளகிவிட்டது. அவர் அதோடு நிறுத்தியிருக்கலாம்.

“கம்பத்த நவுத்திடலாம். அடுத்த மாசம் சின்னையன் வருவாரு. இந்த வருஷம் கெரகம் மாறிடுச்சி, கம்பம் பழைய எடத்துக்கே வர்லாம்னு அவரு சொல்வாரு. நான் பேசிக்கிறேன். உன் ஆர்டரும் ரெடி பண்ணச் சொல்லிட்டேன். பர்மனென்ட்டு. வெளையாட முடியாத வயசு வந்தாலும் ஆபீஸ்ல சீட்டு. போதுமா?”

“ரொம்ப சார்.”

“அவ்ளோதான். நீ ஒண்ணே ஒண்ணு பண்ணு. சாய்ந்தரம் டீமுகிட்ட, கோச்சுகிட்ட, ஒரு சாரி கேட்டுடு. தோத்த வருத்தத்துல ஏதோ பண்ணிட்டேன், பதட்டத்துல விட்டுட்டேன்னு சொல்லிடு. டேப்பு மேட்டரு இதோட போவட்டும்.”

“பதட்டத்துலன்னு சொல்லணுமா?”

“சும்மா சொல்றதுதானம்மா. உள்ள இருக்கறது உனக்குத் தெரியும், எனக்குத் தெரியும்.”

“சார், நீங்க ஒண்ணு பண்ணுங்க. சாய்ந்தரம் டீமுகிட்ட நீங்க பேசுங்க. இந்தப் பொண்ணு பயந்து விடல, கம்பம் ஒரு அடி தள்ளி இருந்ததுன்னு சொல்லுங்க. அவ்ளோதான். அப்பறம் நான் கோச்சுகிட்ட குரல் ஒசத்தினதுக்கு சாரி கேக்கறேன்.”

அவர் நெற்றியைத் தேய்த்துக்கொண்டார்.

“அத நான் எப்பிடிச் சொல்றது? கம்பத்தத் தள்ளி வச்சதுக்கு அப்பறம்தான் இந்தக் கம்பெனி நிமிந்துது. எங்க வூட்டுல கேட்டா இன்னா நெனப்பாங்க? அதுவும், தப்பா எடுத்துக்காத, ஒரு பாய் வூட்டுப் பொண்ணு சொல்லி நவுத்தினேன்னு ஆவும். ஊரு சும்மா இருக்குமா?”

“அப்ப பயந்தவன்னு என்னச் சொன்னா மட்டும் ஊரு சும்மா இருக்கும்.”

“உனக்கு அதுல இன்னா நஷ்டம்? வேல கீது, சம்பளம் கீது. கம்பமும் நவுருது. ஒரு வார்த்தைக்காகவா இம்மாம் பெரிய ஆர்டர வேணாம்பாங்க?”

ஒரு வார்த்தை. அவருக்கு அது அவ்வளவுதான். அந்த வார்த்தையை ஒரு வருஷம் நான் தின்றேன், அதோடு தூங்கினேன். கண்ணாடி முன்னால் நின்று என் கையை நீட்டி, நடுங்குகிறதா என்று பார்த்திருக்கிறேன். எப்போதும் அது நேராகத்தான் நின்றது. நான் என் கையை நம்பாமல் அவர்களை நம்பினேன். இந்த ஆர்டரை வாங்கினால் இனி வருகிற ஒவ்வொரு புதுப் பெண்ணிடமும் கோச் என்னைக் காட்டி, ‘இவளும் மொதல்ல பயந்தவதான், நான்தான் சரி பண்ணேன்’ என்பார். நான் பக்கத்தில் நின்று தலையாட்டவேண்டும். சங்கரி ஆட்டுகிற மாதிரி. ரிட்டையர் ஆகிறவரைக்கும்.

எழுந்தேன்.

“இன்னா, ஒக்காரு. பேசிக்கினு கீறமில்ல?”

“நான் வரல சார்.”

“எங்க வரல?”

“டீமுக்கு. வேலைக்கு. வியாழக்கிழமை ஊரப்பாக்கத்துல ட்ரையல் இருக்கு. போறேன்.”

“நேத்து உன்ன அடிச்சி லைனுக்கு அனுப்பினாளுங்களே, அவளுங்ககிட்டயா?” அவர் குரல் இப்போது கோர்ட்டுக்குத் திரும்பியிருந்தது. “அவங்க சம்பளம் குடுக்கறாங்களா?”

“இல்ல.”

“ஹாஸ்டலு?”

“இல்ல சார். ட்ரெயின்ல போய்ட்டு வரணும்.”

“மூணு டங் அடிச்சி காட்டினியே இப்ப. சரியான கோட்டுல நின்னா உனக்கு ஒண்ணும் வுழாது. அங்க போய் இன்னா புடுங்குவ? எடுப்பாங்களா உன்ன?”

அது உண்மை. எடுப்பார்கள் என்று நிச்சயம் இல்லை. ஒரு வருஷம் தப்பாகப் பழகின கையை முதலிலிருந்து பழக்கவேண்டும். அதற்கு எத்தனை மாதம் ஆகும் என்று எனக்குத் தெரியாது.

“எடுக்கலன்னா விட்டதுக்காக எடுக்கலன்னு சொல்வாங்க சார். பயந்தேன்னு சொல்லமாட்டாங்க.”

“திமிரு. படிச்ச திமிரு. எத்தினி பேரு இந்த ஆர்டருக்கு வரிசையில நிக்கறாங்க தெரியுமா? வெளிய போனா உள்ள வர்றதுக்கு எடம் கெடையாது, பாத்துக்கோ.”

“சரி சார்.”

அவர் போனை எடுத்து மேஜைமேல் வைத்தார். “உங்க அத்தாவுக்கு அடிக்கட்டுமா? அவரு வந்து சொன்னாத்தான் உனக்கு ஏறும். ஸ்டாண்டு பூரா பர்மனென்ட்டுன்னு சொல்லிக்கினு திரியறாராமே, அந்த மனுசனுக்கு இன்னா பதில் சொல்வ?”

“காலையிலயே சொல்லிட்டேன் சார்.”

“இன்னா சொன்னாரு?”

அத்தா முதலில் கத்தினார். பிறகு ஹாரன் சத்தம் மட்டும் கேட்டுக்கொண்டிருந்தது. அப்புறம், எத்தனை பை இருக்கிறது, ஆட்டோ எடுத்துவரவா என்று கேட்டார். அதை இவரிடம் ஏன் சொல்லவேண்டும்?

“உன்னத்தான் கேக்கறேன். இன்னா சொன்னாரு?”

நான் கதவைத் தள்ளிக்கொண்டு வெளியே நடந்தேன்.